டிசம்பர் 31 வரை ஒரு துவக்கு

நீர்கொழும்பு வீதியில் வத்தளைச் சந்தியைத் தாண்டினால் மாபோலை, அதற்கடுத்தது வெலிசறை. பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு வெலிசறை என்றால் கடற்படை முகாம். 2020 ஏப்ரலில் அங்கே கொரோனாக் கொத்தணி உருவானபோது நாடே அந்தப் பெயரைச் சொன்னது. துவக்கு வைத்திருப்பவர்கள் அதை வேறொரு காரணத்துக்காகவும் அறிவார்கள். வணிக வெடிபொருள்கள், சுடுகலன்கள், தோட்டாக்கள் ஆகியவற்றின் கொள்வனவைக் கவனிக்கும் கடற்படைப் பிரிவு அங்கே இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், தற்பாதுகாப்புக்கென்று துப்பாக்கி பெற்றிருந்த எல்லோரும் அவற்றைத் தற்காலிகமாக அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. யாருக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது என்று மீளாய்வு செய்வதே நோக்கம் என்றார்கள். கொடுத்த தவணை போதாமல் அது நீட்டவும் பட்டது.

அந்த நாட்களில் ஹெந்தளையில் இருக்கும் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, இந்த நாட்டில நாய்க்கும் துவக்குக்கும் ஒரே சட்டம்தான். ரெண்டுக்கும் வருசா வருசம் லைசன் எடுக்கணும். ரெண்டையும் எப்ப வேணுமென்டாலும் பிடிச்சிட்டுப் போகலாம்.”

அவருக்குப் புத்தளம் பக்கம் ஒரு தென்னங்காணி இருக்கிறது. தகப்பன் விட்டுப்போன பன்னிரண்டு போர் சொட்கன் ஒன்றும் இருக்கிறது. அவருடையது பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதி என்பதால் அந்த முறை வெலிசறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அவருக்குள் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் எவ்வளவு, பழக்கதோஷம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றதன் விளைவே இந்தக் கட்டுரை. துவக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் அமெரிக்காவில் நடக்கட்டும். இலங்கையில் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று நிற்கிறது: அரசு யாரை நம்பி ஆயுதம் கொடுக்கிறது, யாரை நம்ப மறுக்கிறது, அதற்கு என்ன அளவுகோல் வைத்திருக்கிறது?

நாய் வரியும் துவக்கு வரியும்

பெரியவரின் பகடியில் அவர் அறியாத ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. நாயையும் துவக்கையும் ஒரே தட்டில் வைத்த அரசு இந்த நாட்டில் உண்மையிலேயே இருந்தது. 1848இல் ஆளுநர் டொரிங்டன் பிரபுவின் நிர்வாகம் கோப்பித் தோட்டங்களின் சரிவால் வற்றிய கஜானாவை நிரப்பப் புதிய வரிகளைக் கொண்டுவந்தது. கடைக்கு வரி, வண்டிக்கு வரி, நாய்க்கு வரி, துவக்குக்கு அனுமதிக் கட்டணம், அதன்மேல் வீதி போட உடலுழைப்பு. கண்டிப் பகுதிக் கிராமத்தவனுக்குத் துவக்கு பயிரைக் காக்கும் கருவி, நாயோ காவல். இரண்டுக்கும் காசு கேட்டபோது மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு அந்த ஓகஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். அனுமதிப்பத்திரம் என்ற சிறு கடதாசி ஒரு கிளர்ச்சிக்கு நெருப்பு மூட்டிய நாடு இது.

இன்று நம்மை ஆளும் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முந்திய ஆண்டுதான் சிங்கள – முஸ்லிம் கலவரம் நடந்தது. இராணுவச் சட்டம் பிரகடனமாகி, கொழும்பு நகரக் காவற்படையின் இளம் அதிகாரி ஹென்றி பெட்ரிஸ் 1915 ஜூலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த அநீதிகளை இங்கிலாந்து வரை கொண்டுபோய் வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். கலவரத்துக்கும் சட்டத்துக்கும் நேரடி உறவு இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் உலகப்போரும் உள்நாட்டுக் கலவரமும் அரசின் மனத்தில் பயத்தை நிரப்பியிருந்த காலத்தில் பிறந்த சட்டம் இது என்பதை மறக்கக்கூடாது. குடிமகனின் கையில் இருக்கும் ஆயுதத்தை முதலில் சந்தேகத்தோடுதான் அது பார்க்கிறது.

சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. அனுமதி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கி அதைப் புதுப்பிக்க வேண்டும். பயிரைக் காக்கும் சொட்கன் என்றால் பிரதேச செயலகம், கச்சேரி வழி. ஆளைக் காக்கும் பிஸ்டல், ரிவோல்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சின் வழி. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளை ஆயுட்சிறை வரை உயர்த்தியது. 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் ஆயுதம் தரிக்கும் உரிமை என்று ஒன்று இல்லை. உயிர்வாழும் உரிமையே அங்கே வெளிப்படையாக எழுதப்படவில்லை. 2003இல் சிறியாணி சில்வா வழக்கில்தான் உயர் நீதிமன்றம் அதை வேறொரு உறுப்புரைக்குள்ளிருந்து வாசித்தெடுத்தது. உயிருக்கே உரை எழுதித்தான் இடம் பிடிக்க வேண்டியிருந்த நாட்டில் துவக்குக்கு உரிமை கேட்பது எங்கே!

ஆகவே சட்டத்தின் கண்ணில் துவக்கு ஓர் இரவல் பொருள். பன்னிரண்டு மாதத்துக்கு அரசு தரும் நம்பிக்கையின் இரவல்.

திருப்பிக் கேட்ட காலங்கள்

இரவல் என்றால் திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் பின்னால் ஓர் அரசியல் நெருக்கடி இருந்தது.

1971 ஏப்ரல் 5ஆம் திகதி ஜே.வி.பி. இளைஞர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். அவர்களிடம் இருந்தவற்றில் கணிசமானவை சொட்கன்களும் கையால் செய்த குண்டுகளுமே. வீடுகளிலிருந்த அனுமதி பெற்ற துவக்குகள் இரண்டு பக்கமும் இழுபட்டன: கிளர்ச்சிக்காரர் பறிக்கப் பார்த்தார்கள், அரசு ஒப்படைக்கச் சொன்னது. 1987 முதல் 1989 வரையான இரண்டாவது கிளர்ச்சியிலும் இதே கதை இன்னும் கொடூரமாக நடந்தது. இரவில் முகம் மறைத்து வந்து துவக்கைக் கேட்டவர்களுக்கு “இல்லை” என்று சொல்ல முடியாது. கொடுத்துவிட்டால் மறுநாள் பொலிசுக்குப் பதில் சொல்ல முடியாது. எங்கள் பெரியவரின் தகப்பன் இரண்டு முறையும் துவக்கைப் பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தாராம். இரண்டாம் முறை திரும்பி வந்தபோது அதன் மரக்கட்டை வெடித்திருந்தது. அதைக் கேட்கவும் துணியவில்லை. “உயிரோட இருக்கிறம், கட்டை போனாப் போகட்டும்” என்றிருக்கிறார்.

வடக்கிலும் கிழக்கிலும் நடந்தது வேறு வடிவம். எண்பதுகளில் இயக்கங்கள் முளைத்தபோது அவற்றின் ஆரம்ப ஆயுதங்களில் வீடுகளிலிருந்து எடுத்த சொட்கன்களும் இருந்தன. பிறகு 1987 ஜூலை 29இல் கையெழுத்தான இலங்கை – இந்திய ஒப்பந்தம் இயக்கங்கள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்றது. ஓகஸ்ட் 4இல் சுதுமலையில் பிரபாகரன் பேசியதும், மறுநாள் பலாலியில் ஆயுதக் கையளிப்பு தொடங்கியதும் எங்கள் தலைமுறை மறக்காத நாட்கள். ஒப்படைப்பு முழுமையடையாமலே போர் மீண்டது. 2002 பெப்ரவரியின் போர்நிறுத்த உடன்படிக்கையும் அரசோடு நின்ற தமிழ்த் துணைக்குழுக்களின் ஆயுதத்தைக் களையச் சொன்னது. அதுவும் காகிதத்தில் நின்ற அளவுக்கு நிலத்தில் நிற்கவில்லை.

இதற்கு நேரெதிராக, அதே காலத்தில் அரசு ஆயுதத்தை வாரி வழங்கியும் வந்தது. எண்பதுகளின் நடுவிலிருந்து எல்லைக் கிராமங்களில் ஊர்காவற் படையினருக்குச் சொட்கன்கள் போயின. 2006இல் அந்தப் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாறியது. அந்தக் கிராமத்தவர்கள் உண்மையிலேயே கொலைகளுக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் பக்கத்து ஊரில் அதே அச்சத்தோடு இருந்த தமிழ் விவசாயி தன் தகப்பனின் துவக்கை வைத்திருக்கவே வழியில்லாமல் இருந்தான். ஒரே சட்டப் புத்தகம், ஒரே ஆண்டு, இரண்டு வயல்கள். நம்பிக்கை எங்கே பாயும் என்பதை இனமும் இடமும் தீர்மானித்தன.

2024இல் வரலாறு ஒரு விசித்திர வட்டத்தைப் பூர்த்தி செய்தது. ஒரு காலத்தில் வீட்டுச் சொட்கன்களைத் தேடித் திரிந்த ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க அந்த ஆண்டு செப்டம்பரில் ஜனாதிபதியானார். அடுத்த சில வாரங்களில் தனியார் துப்பாக்கிகளைத் திரும்பக் கேட்டது அவருடைய அரசு. நாற்காலியில் யார் அமர்ந்தாலும் அந்த 1916ஆம் ஆண்டுக் கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

துவக்குக்காரரின் நான்கு வாதங்கள்

பெரியவரோடும் அவரைப் போன்ற சிலரோடும் பேசியதில் நான்கு வாதங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

முதலாவது: துவக்கு ஒரு தொழில் கருவி. காட்டுப்பன்றி ஒரு இரவில் மரவள்ளிப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போகும். குரங்கு குரும்பையைப் பிடுங்கி எறியும். மயில் விதைநெல்லைப் பொறுக்கும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுவதும் தோட்டத்தில் நின்று குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னது அரசு. நகரத்தவர்கள் மீம் போட்டுச் சிரித்தார்கள், காணிக்காரர் சிரிக்கவில்லை. இந்த வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிழலும் உண்டு. 2023இல் இந்த நாட்டில் 470க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. துப்பாக்கிச் சூடு, மின்சாரம், ‘ஹக்க பட்டாஸ்’ எனப்படும் வாய்வெடி ஆகியவை முக்கிய காரணங்கள். அதே ஆண்டில் யானைகளால் இறந்த மனிதர்கள் 150க்கும் அதிகம். வன்னியில் இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அனுமதி பெற்ற துவக்கின் பின்னால் பெயரும் முகவரியும் உள்ள ஓர் ஆள் நிற்கிறான். கம்பியில் கட்டிவிட்ட கட்டுத்துவக்குக்கு வருவது பன்றியா, விறகு பொறுக்கப் போன பெண்ணா என்று தெரியாது. ஆகவே உழவனுக்குச் சட்டபூர்வ அனுமதியை எட்டாக்கனியாக்கினால் அவன் போவது கொல்லன் பட்டறைக்குத்தான். இங்கே துவக்குக்காரரின் பக்கம் நான் நிற்கிறேன்.

இரண்டாவது: உயிர்ப்பாதுகாப்பு. தமிழன் வாயிலிருந்து இந்த வாதம் வரும்போது அதன் பின்னால் ஒரு திகதி இருக்கும். 1983 ஜூலை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் ஹெந்தளையிலும் வீடுகள் எரிந்தபோது வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் வந்தது. “அண்டைக்கு ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு துவக்கு இருந்திருந்தா வந்திருப்பாங்களா?” என்று பெரியவர் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அது கேள்வி என்பதைவிட நாற்பது வருட ஆற்றாமை.

ஆனால் ஆற்றாமையைத் தள்ளிவைத்துப் பார்த்தால் சான்றுகள் எதிர்ப்பக்கமே சாய்கின்றன. 2022 மே 9ஆம் திகதி நம்முடைய கம்பஹா மாவட்டத்தின் நிட்டம்புவையில் நாடாளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரளவின் வாகனத்தைக் கூட்டம் சூழ்ந்தது. துப்பாக்கி இருந்தது, சூடும் நடந்தது. அது கூட்டத்தைக் கலைக்கவில்லை, கொதிக்க வைத்தது. அவரும் அவருடைய பாதுகாவலரும் கொல்லப்பட்டார்கள். கூட்டத்தின் முன்னால் ஒற்றைத் துவக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் இல்லை. 1983இல் நடந்திருக்கக்கூடியதும் வேறல்ல. அரசு கைகட்டி நின்ற அன்று ஒரு தமிழ் வீட்டிலிருந்து ஒரு வெடி கிளம்பியிருந்தால், அடுத்த நாள் செய்தி ‘பயங்கரவாதிகளின் பதுங்கிடம்’ என்றிருக்கும்.

தனித்தனி இலக்காகக் குறிவைக்கப்பட்ட தமிழ் அரசியல்வாதிகளின் கதையும் இதையே சொல்கிறது. குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5இல் வெள்ளவத்தையில் சுடப்பட்டார். லக்ஷ்மன் கதிர்காமர் 2005 ஓகஸ்ட் 12இல், நாட்டிலேயே மிகக் கடுமையான பாதுகாப்பு வளையத்துக்குள் இருந்தபடியே, தொலைவிலிருந்து வந்த குண்டுக்குப் பலியானார். நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொல்லப்பட்டபோது அவருடைய மெய்ப்பாதுகாவலரும் சேர்ந்தே இறந்தார். தி. மகேஸ்வரன் 2008 புத்தாண்டு நாளில் கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தில் சுடப்பட்டார். அவருடைய பாதுகாவலர் திருப்பிச் சுட்டார், சுட்டவன் பிடிபட்டான், மகேஸ்வரன் திரும்பவில்லை. காத்திருந்து வருகிறவனுக்கு முதல் வெடி எப்போதும் சொந்தம். இடுப்பில் இருக்கும் பிஸ்டல் இரண்டாவது வெடிக்கு மட்டுமே பயன்படும்.

துவக்கு யாரைக் கொல்கிறது என்ற கேள்விக்கு வெளிநாட்டு ஆய்வுகள் தரும் பதில் மனத்துக்கு ஒவ்வாதது. வெளியிலிருந்து வரும் திருடனைவிட வீட்டுக்குள் இருப்பவர்களுக்கே அது அதிக ஆபத்து, அதிலும் தற்கொலையில். இதை நம்ப அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. உலகிலேயே மிக மோசமான வீதங்களில் ஒன்று. மிக நச்சான பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. மனிதர்களின் துயரம் ஒரே இரவில் தீர்ந்துவிடவில்லை, வறுமையும் போரும் தொடர்ந்தன. ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வீதம் மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கண நேர வேகத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கொல்லும் பொருள் இல்லாவிட்டால் பலர் மறுநாள் காலையைப் பார்க்கிறார்கள். உலகம் படிக்கும் பாடமாக அதை நாமே நிரூபித்துக் காட்டியிருக்கிறோம். பூச்சிமருந்துப் போத்தலுக்குப் பொருந்துவது அலுமாரியில் இருக்கும் துவக்குக்கும் பொருந்தும்.

மூன்றாவது: கள்ளனை விட்டுவிட்டு நல்லவனைப் பிடிக்கிறார்கள். இதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் உயர்ந்தது. நியாயமாகவே உயர்ந்தது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி அளுத்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் ‘கணேமுல்ல சஞ்சீவ’ என்ற பாதாள உலகத்தவனைச் சுட்டுக்கொன்றான். ரிவோல்வர் வந்தது குடைந்த புத்தகம் ஒன்றுக்குள். கொட்டாஞ்சேனைக்காரருக்கு அந்த நீதிமன்றம் கூப்பிடு தூரம். இரண்டு நாள் கழித்து கொட்டாஞ்சேனையிலேயே இன்னொரு சூடு. அதே ஆண்டு ஒக்டோபர் 22இல் வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் தன் அலுவலகத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். ஓராண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்கள். கச்சேரியில் வரிசையில் நின்று டிசம்பரில் லைசன் புதுப்பித்தவர்களை இந்தப் பட்டியலில் தேடிப்பிடிப்பது கடினம்.

அப்படியானால் இந்தத் துவக்குகள் எங்கிருந்து வந்தன? ‘கல்கட்டஸ்’ என்ற உள்ளூர்த் தயாரிப்பும் கடல்வழிக் கடத்தலும் ஒரு பங்கு. ஆனால் பாதாளக் குழுக்களின் அடையாளமாகிவிட்ட ரி-56 எந்தக் கிராமத்துக் கொல்லன் பட்டறையிலும் பிறக்கவில்லை. அது படைகளின் ஆயுதம். படையிலிருந்து தப்பியோடியவர்கள், களஞ்சியத்தில் கைவைத்தவர்கள், போர்க்காலத்தில் கணக்கில்லாமல் சிதறியவை என்று அதன் வழிகள் பல. எழுபதுக்கு மேற்பட்ட ரி-56 துப்பாக்கிகள் படைத்தரப்பிலிருந்து பாதாளக் குழுக்களுக்குப் போயிருப்பதாக 2025இல் பாதுகாப்புத் தரப்பே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு முன்னாள் அமைச்சர் கைதானார். பல ஆண்டுகளுக்கு முன் பாதுகாப்புக்கென்று அவருக்கு இராணுவம் கொடுத்த கைத்துப்பாக்கி பாதாள உலகத்தவன் ஒருவனிடம் போய்ச் சேர்ந்தது எப்படி என்பதே விசாரணை. வழக்கு முடியும்வரை குற்றம் யாருடையது என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் எந்த வாய்க்காலில் கசிவு இருக்கிறது என்று அது காட்டுகிறது. சட்டவிரோதச் சிற்றாயுதப் பரவலுக்கு எதிரான தேசிய ஆணைக்குழு அமைக்கப்பட்டது 2004இல். இருபது ஆண்டு கடந்தும் கசியும் குழாயை அடைக்காமல் வாளியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நான்காவது: இது என் உரிமை. இங்கே பெரியவரும் நானும் பிரிந்துபோனோம். அவருடைய மகன் தொலைபேசியில் அனுப்பும் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து ‘உரிமை’ என்ற சொல் அவருக்குப் பழகிவிட்டது. அதனால் அமெரிக்கா பக்கம் ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது.

கடல் கடந்து ஒரு பார்வை

2017இன் இறுதியில் உலகெங்கும் பொதுமக்கள் கையில் சுமார் 85.7 கோடித் துப்பாக்கிகள் இருந்ததாகச் சுவிட்சர்லாந்தின் சிற்றாயுத ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அதில் 39.3 கோடி அமெரிக்காவில். நூறு பேருக்கு 120 துப்பாக்கி. இலங்கையில் கள்ளத் துவக்கையும் சேர்த்து நூறு பேருக்கு மூன்றுகூட இல்லை. அவர்களுடைய வாதத்தை நாம் கடன் வாங்குவது, நயாகராக் கரையில் எழுதிய நீச்சல் விதியைக் களனி ஆற்றங்கரையில் ஒட்டுவது போன்றது.

அங்கேயும் அந்த உரிமை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. அது தனிமனிதனின் உரிமையையே குறிக்கிறது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளிக்க 2008 வரை, ஹெல்லர் வழக்கு வரை, போனது. இடையில் 1967இல் கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர் கையில் துப்பாக்கியோடு கலிபோர்னியா சட்டசபைக்குள் நடந்தபோது, குண்டு நிரப்பிய ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்துவதைத் தடுக்கும் முல்ஃபோர்ட் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் றேகன். துப்பாக்கி உரிமையின் காவலராகப் பின்னாளில் கொண்டாடப்பட்டவர் அவர். கறுப்பர் கையில் போனதும் உரிமை ஆபத்தாகிவிட்டது. ஹெந்தளைத் தமிழருக்கு இது புரியாத கதையா?

அயலில் இந்தியா. 1878ஆம் ஆண்டு லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு அனுமதிப்பத்திரம் கேட்டது, ஐரோப்பியனுக்கு விலக்குக் கொடுத்தது. சுதந்திர இந்தியா 1959இல் புதிய சட்டம் செய்தது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஆனால் குடகு மக்களுக்கு ஆங்கிலேயர் கொடுத்த அனுமதிப்பத்திர விலக்கு இன்றும் நீடிக்கிறது. அரசு யாரை நம்பியது என்பதன் தடம் நூற்றாண்டு தாண்டியும் அழியாமல் கிடக்கும் இன்னொரு உதாரணம் இது.

அவுஸ்திரேலியா வேறு பாதை எடுத்தது. 1996 ஏப்ரல் 28இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக்கொன்றான். சில வாரங்களில் கட்சி பேதமில்லாமல் தேசிய உடன்படிக்கை வந்தது. ஆறு இலட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி அழித்தது. 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபின் நியூஸிலாந்தும் அதையே செய்தது. அவுஸ்திரேலிய முறையில் இரண்டு விடயங்கள் நமக்குப் படிப்பினை. ஒன்று, துப்பாக்கி கேட்பவன் ‘உண்மையான காரணம்’ காட்ட வேண்டும். பண்ணைத் தொழில் காரணம், விளையாட்டு காரணம். தற்பாதுகாப்பு காரணமே அல்ல. இரண்டு, அந்த விதி அமைச்சருக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் ஒன்று. திருப்பிக் கொடுத்தவனுக்குக் காசும் கிடைத்தது.

நம்முடைய நாட்டில் தலைகீழ். பன்றியால் நட்டப்படும் உழவன் கிராம அலுவலரின் கடிதம், பொலிஸ் அறிக்கை, பிரதேச செயலகம், கச்சேரி என்று காலணி தேய நடக்கிறான். அரசியல் செல்வாக்கு உள்ளவனுக்குப் பிஸ்டல் மரியாதைச் சின்னம் போல வீடு தேடி வருகிறது. ஒவ்வொரு கொலைக்கும் பிறகு ‘எங்களுக்கும் துப்பாக்கி கொடுங்கள்’ என்று அரசியல்வாதிகள் கேட்கிறார்கள். ‘எங்கள் ஊருக்கும் ஒரு நேர்மையான பொலிஸ் கொடுங்கள்’ என்று கேட்கும் வாய்ப்பு உழவனுக்கு இல்லை.

உரிமை அல்ல, சமத்துவம்

இந்த ஆய்வின் முடிவை இப்படிச் சுருக்கலாம். ஆயுதம் தரிக்கும் உரிமை என்ற வாதத்துக்கு இலங்கை மண்ணில் வேரில்லை. சான்றும் அதற்குத் துணை நிற்கவில்லை. ஆனால் துவக்குக்காரரின் கோபத்துக்குள் இன்னொரு வாதம் பெயரில்லாமல் கிடக்கிறது. அதன் பெயர் சமத்துவம். அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. அரசு தருவது இரவல்தான் என்றால், அந்த இரவலை யாருக்கு, ஏன் தருகிறது என்று கேட்க எல்லோருக்கும் உரித்து உண்டு.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. தற்பாதுகாப்புத் துப்பாக்கி வழங்கும் அளவுகோலை எழுத்தில் வெளியிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை கொடுத்தார்கள், அதில் மக்கள் பிரதிநிதிகளுக்கு எத்தனை, மாவட்டத்துக்கு எத்தனை, மறுத்தவை எத்தனை என்று ஆள்பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் வெளிவர வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கேட்பதற்கு வழி தந்திருக்கிறது. அடுத்து, பயிர்ப் பாதுகாப்பு அனுமதிக்கு ஒரு காலக்கெடு வேண்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் வேண்டும். வவுனியாவுக்கும் அநுராதபுரத்துக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவதும் முதன்மையானதும்: அரசின் சொந்தக் களஞ்சியக் கணக்கு நாடாளுமன்றத்தின் முன் ஆண்டுதோறும் வரவேண்டும். ஒரு கிழவரின் சொட்கனை வருடம் தவறாமல் சரிபார்க்கும் அரசு, தன்னுடைய ரி-56களையும் அப்படி எண்ணிக் காட்டட்டும்.

இதையெல்லாம் ஒரு ஞாயிறு பின்னேரம் பெரியவரிடம் சொன்னேன். மறுப்புச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கோப்பைக் கொண்டுவந்தார். ஐம்பது வருட லைசன் கடதாசிகள். தகப்பன் பெயரில் பாதி, தன் பெயரில் பாதி; சிங்களம், ஆங்கிலம், பிறகு மும்மொழி. எண்பதுகளின் நடுவில் சில வருடங்கள் இல்லை. அவற்றைத் தாண்டும்போது அவர் விரல் சற்று நின்றது.

மகன் மெல்பேணில் இருக்கிறான். அவனுக்குத் துவக்கு வேண்டாமாம், காணியே வேண்டாமாம். தான் போனபிறகு வாரிசு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டும். “மகனுக்குச் சொல்லி வச்சிருக்கேன் தம்பி. செத்த வீட்டுக்கு வாறதுக்கு முதல் கச்சேரிக்குப் போன் எடுக்கச் சொல்லி.” கோப்பை மூடிக் கட்டினார். “திருப்பிக் கொடுக்கிறதில எனக்குக் கவலை இல்ல. எங்களோட சேர்ந்து அவங்களும் கொண்டுவந்து வைக்கட்டும். நானே முதல் ஆளா வெலிசறைக்குப் போறன், இருபது நிமிச பஸ்தானே.”